முட்டை போட்டால் அது கோழிதான்

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. வீட்டில் சொல்ல ஆரம்பித்தால் எங்கள் வீட்டுக்காரர் பாதியில் மறித்து, "அது அப்படியில்ல சாரதா, நீ முன்ன பின்ன மாத்திச் சொல்ற" என்பார். மகள் போனிலேயே சிரித்துவிடுவாள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கப்பல் போன இடத்துப் பெயரெல்லாம் என் வாயில் நுழையாது. ஆனால் நீங்களாகத்தான் கேட்டீர்கள், எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று. அண்டார்டிகா என்றேன். சிரித்தீர்கள். இனி சொல்லித்தான் ஆகவேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்தக் கூடையில் கோழி எதுவும் இல்லையே? முட்டை? வெற்றிலைதானா. சரி, அப்படியானால் பக்கத்திலேயே உட்காருங்கள். பஸ் வேதாரண்யம் போய்ச் சேர இன்னும் நேரமிருக்கிறது.

எங்களுக்கு நாமக்கல் பக்கம். முட்டைக்கோழிப் பண்ணை. திரும்பின பக்கமெல்லாம் ஷெட்டு, ஷெட்டுக்குள் கூண்டு, கூண்டுக்குள் கோழி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு அதுதான் ஊர் உலகம். வெளியே கிளம்பினால் ஏதாவது கல்யாணம், காதுகுத்து, அதுவும் முட்டை எடுக்கிற நேரத்துக்குள் திரும்பியாக வேண்டும். என் சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில் தாலி கட்டினதைப் பார்த்தேன், பந்தியைப் பார்க்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. எனக்குக் கோழிதான் முக்கியம். அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஒரு வருஷம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பண்ணையில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. யாரோ வேறொரு பண்ணைக்குப் போய்விட்டு, அதே செருப்போடு உள்ளே நடந்துவிட்டாராம். அவ்வளவுதான். ஷெட்டு ஷெட்டாகக் காலி. பொக்லைன் வைத்துக் குழி தோண்டினார்கள், அந்தச் சத்தம் எங்கள் அடுப்படிவரை கேட்டது. அந்த வீட்டம்மா எங்கள் கேட்டுக்கு வந்து நின்று அழுதாள். நான் திறக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் சேர்ந்து அழுதேன். திறக்க மட்டும் இல்லை.

அன்றைக்குப் போட்டதுதான் என் சட்டம். வேறொரு பறவைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் போய்வந்தவர் யாராக இருந்தாலும், மூன்று வாரம் கழித்துத்தான் எங்கள் கேட்டுக்குள் வரலாம். என் அண்ணன் பொங்கல் சீர் கொண்டுவந்தவர், வழியில் யாரோ சிநேகிதர் வீட்டு நாட்டுக்கோழியைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்லிவிட்டார். கேட்டுக்கு வெளியே இலை போட்டேன்.

"ஏம்மிணி, நானென்ன நோயாளியா?"

"நோயாளியா இருந்தா உள்ளயே வந்திருக்கலாமுங்கண்ணா. நீங்க கோழிகிட்டப் போயிட்டு வந்தவரு."

சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். கோபம் இருக்கும், ஆனால் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, ஒன்றைத் தவிர. தீவனம் அரைக்கிற மிஷின் ஓடும்போது மூட்டைமேல் உட்கார்ந்து போனில் பெங்குயின் பார்ப்பார். நாள் முழுக்கக் கோழியைப் பார்த்துவிட்டு, ஓய்வு நேரத்தில் நிமிர்ந்து நிற்கிற கோழியைப் பார்க்கிற மனுஷனை நான் வேறெங்கும் கண்டதில்லை. இதை எங்கள் மகள் பிரதீபா கவனித்து வைத்திருக்கிறாள். அவள் மெல்போர்னில் இருக்கிறாள். அப்பாவுக்கு அறுபது முடிந்தபோது, இரண்டு பேருக்கும் கப்பலில் இடம் போட்டுவிட்டாள். பனிமலை பார்க்கலாம், திமிங்கலம் பார்க்கலாம், பெங்குயின் நிற்கிற கரையிலேயே இறங்கி நடக்கலாம் என்று போனில் அடுக்குகிறாள். இவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, புதுமாப்பிள்ளை தோற்றான்.

நான் நடுவில் புகுந்தேன்.

"ஏனுங்க, அது பறவைதானுங்களே?"

"பறவைதான். ஆனா பறக்காது."

"நம்ம கோழி மட்டும் பறந்துட்டுக் கெடக்குதாக்கும்?"

"இது தண்ணிக்குள்ள மீனாட்டம் நீந்தும், சாரதா."

"முட்டை போடுமா போடாதா?"

"போடும்."

"அப்ப அது கோழிதான்."

மகள் அந்தப் பக்கம் சிரிக்கிறாள். பெங்குயின் இருக்கிற பக்கத்துப் பறவைகளுக்கும் பறவைக்காய்ச்சல் வந்திருக்கிறது என்று டிவியிலேயே சொன்னார்கள். இவர் போய் அதில் ஒன்றைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, அதே கையோடு ஷெட்டுக்குள் வந்தால்? எனக்கு அந்தப் பொக்லைன் சத்தம் காதில் கேட்டது. அதனால்தான் நானும் கிளம்பினேன். காவலுக்கு. நானாக ஆசைப்பட்டுப் போனேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கொழுந்தனார் பொறுப்பில் பண்ணையை விட்டுவிட்டு, கார்த்திகைக் கடைசியில் புறப்பட்டோம். விமானம் மாறி விமானம் ஏறி, உலகத்தின் கடைசி ஊர் என்று அவர்களே போர்டு எழுதி வைத்திருக்கிற ஊரில் கப்பல் ஏறினோம். கடல் ஆடின ஆட்டத்தைச் சொல்லி முடியாது. நான் எங்கள் குலசாமியில் ஆரம்பித்து, சம்பந்தி வீட்டுக் குலசாமி, பக்கத்து ஊர்க் குலசாமி வரைக்கும் கும்பிட்டுவிட்டேன். இவரோ எதிர்க்கட்டிலில் உருண்டபடியே, "எத்தனையோ பேரு வந்துட்டுப் போறாங்க, ஒண்ணும் ஆகாது" என்கிறார். சொல்லி வாய் மூடுவதற்குள் கட்டிலை விட்டு இறங்கி, தரையில் உட்கார்ந்து கட்டில் காலைக் கட்டிக்கொண்டார்.

கடல் அடங்கினதும் எல்லோரையும் ஒரு கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். இங்கிரிட் என்று ஒரு வழிகாட்டிப் பெண், கதவுநிலை உயரம் இருப்பாள். கரையில் போட்டுக்கொள்ளப்போகிற உடுப்பு, பை எல்லாவற்றையும் வேக்குவம் மிஷினால் உறிஞ்சினாள். ஒரு விதை, ஒரு சிட்டிகை மண்கூட அந்தக் கரையில் விழக்கூடாதாம். இவருடைய கோட்டுப் பையில் மக்காச்சோளம் வந்தது. அது எப்படி வந்ததென்று கேட்காதீர்கள், எங்கள் வீட்டில் தலையணை உறைக்குள்ளும் மக்காச்சோளம் இருக்கும். என் கைப்பையிலிருந்து ஒரு கொத்து வேப்பிலையும், மஞ்சள் துணியில் முடிந்த கோயில் மண்ணும் வந்தது. தொலைதூரம் போகிறோம், காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க வைத்திருந்தேன். இங்கிரிட் அந்த முடிச்சை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை. எங்கள் அண்ணனைக் கேட்டில் நிறுத்தி நான் பார்த்த பார்வை.

"என்னங்க சொல்றா அவ?"

"நம்மகிட்ட இருந்து அந்தப் பறவைகளுக்கு நோய் போயிருமோன்னு பாக்கறாங்க."

நம்மிடமிருந்தா! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நோய் வரக்கூடாதென்று கேட்டைப் பூட்டி வைத்திருக்கிறவள் நான். என்னிடமிருந்து அதுகளுக்கு நோயா?

ஆனால் பாருங்கள், அந்தக் கோபத்திலேயே எனக்கு ஒரு யோசனையும் வந்தது. இவள் இவ்வளவு பயந்தவள் என்றால், இவர் கோழிப்பண்ணைக்காரர் என்று தெரிந்தால் கரையில் இறங்க விடுவாளா? விடமாட்டாள். இவர் கப்பலிலேயே இருந்துவிட்டால் எங்கள் பண்ணை பிழைத்தது. கட்டின புருஷனைக் காட்டிக்கொடுப்பதாக நான் நினைக்கவில்லை. நல்லதுக்குத்தானே.

சாப்பாட்டுக்கூடத்தில் இங்கிரிட்டைப் பிடித்தேன். "சிக்கன்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு ஒரு தட்டில் சிக்கன் கொண்டுவந்து வைத்தாள். மார்கழியில் நாங்கள் கவுச்சி சாப்பிடுவதில்லை. இது ஆகாதென்று, எழுந்து நின்று இரண்டு முழங்கையையும் மடக்கி இறக்கை மாதிரி அடித்துக் காட்டினேன். கொக்கரித்துக் காட்டினேன். அப்புறம் கொஞ்சம் குனிந்து, முட்டை விழுகிற மாதிரியும் காட்டி, மூலையில் சூப்பு குடித்துக்கொண்டிருந்த இவரைப் பார்த்துக் கை நீட்டினேன். முட்டை போடுவது இவர்தான் என்று அவளுக்குப் பட்டதோ என்னவோ, வெகுநேரம் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடம் முழுக்கக் கை தட்டினார்கள்.

அவள் நேரே இவரிடம் போய்ப் பேசினாள். இவரும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். தடை போடுவாள் என்று நான் இங்கே சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அவளோ இவர் கையைப் பிடித்துக் குலுக்குகிறாள். இவர் பூட்ஸை மட்டும் தனியாக இன்னொரு தடவை மருந்துத் தண்ணீரில் தேய்ப்பார்களாம். அதோடு, மறுநாள் எல்லோருக்கும் இவர் கோழியைப் பற்றிப் பேசவேண்டுமாம்!

பேசினார். மேடை போட்டு, மைக் கொடுத்து. ஒரு பக்கம் சன்னலில் பனிமலை பனிமலையாக நகர்ந்துகொண்டிருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு அத்தனை வெள்ளைக்காரரும் உட்கார்ந்து எங்கள் தீவனத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். வீட்டில் வாயே திறக்காத மனுஷன், கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். ஒரு பாட்டியம்மா எழுந்து ஏதோ கேட்டாள். இவர் பதில் சொன்னதும் கூடமே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது.

"என்னங்க சொன்னீங்க?"

"கோழிக்கு உங்களை அடையாளம் தெரியுமான்னு கேட்டாங்க. என்னையத் தெரியாது, என் சம்சாரத்தைத்தான் தெரியும், அவ கொரலு கேட்டா மொத்த ஷெட்டும் திரும்பிப் பாக்கும்னேன்."

"இதையெல்லாம் சபையில சொல்லுவாங்களா?"

அதிலிருந்து கப்பலில் யார் என்னைப் பார்த்தாலும் முழங்கையை மடக்கி இரண்டு தட்டுத் தட்டுவார்கள். அதுதான் எனக்கு வணக்கம் என்று நினைத்துவிட்டார்கள். மரியாதைக்கு நானும் திருப்பித் தட்டினேன். கேப்டன்கூடத் தட்டினார்.

கரையில் இறங்குகிற நாள் வந்தது. சேலைக்கு மேலே தண்ணீர் புகாத கால்சட்டை, அதற்கு மேலே சிவப்புக் கோட்டு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். இவர் கையைப் பிடித்துச் சொன்னேன்: "அஞ்சடிக்கு மேலயே நிக்கோணும். கை ரெண்டும் கோட்டுப் பையிலயே இருக்கோணும். அது வந்தா நீங்க போயிரோணும்." இங்கிரிட்டும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாள்: கிட்டே போகாதீர்கள், உட்காராதீர்கள், பையைக் கீழே வைக்காதீர்கள். அந்தப் பெண்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

ரப்பர் படகு கரையைத் தொடுவதற்குள்ளேயே வாசம் வந்துவிட்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஷெட்டு வாசம்! உலகத்தின் கடைசிக்கு வந்தும் அதே எச்ச வாசம். நான் சொன்னேனா இல்லையா என்று இவரைப் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. எச்சம் வேறு ரோஸ் நிறத்தில் கிடந்தது. "ஏனுங்க, கழிச்சல்!" என்று கத்திவிட்டேன். சின்னச் சின்ன இறால் தின்பதால் அந்த நிறமாம். இவர் சொன்னார். சொல்லிவிட்டு, நான் சொன்னபடியே தள்ளிப்போய் ஒரு பாறை ஓரத்தில், இரண்டு கையையும் பையில் விட்டுக்கொண்டு நின்றார். பாவம், அதையும் சொல்லவேண்டும். சொன்ன சொல்லைத் தட்டவில்லை.

தப்பு நடந்தது என்னால்தான்.

ஒரு பெங்குயின் என்னைப் பார்த்து நடந்து வந்தது. எங்கள் ஊர் ரைஸ்மில் முதலாளி நடக்கிற மாதிரி, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு. விரட்டவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. கோழியை விரட்ட ஒரு சத்தம், கூப்பிட ஒரு சத்தம். தீவன வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது இத்தனை வருஷமாக நான் போடுவது கூப்பிடுகிற சத்தம் ஒன்றுதானே. பதற்றத்தில் அதுதான் வந்தது. "ப்பா... ப்பா... ப்பா..." கையும் தானாக எழுந்து, தீவனம் இறைக்கிற மாதிரி வீசியது. வீசின கையை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் நாலைந்து திரும்பிவிட்டன.

"சாரதா! ஏம்புள்ள கூப்புடற?"

"கூப்புடலீங்க! வெரட்டறேன்! ப்பா... ப்பா..."

இங்கிரிட் தூரத்திலிருந்து கையைத் தூக்கி, அசையாதே என்றாள். அதுகளாக வந்தால் நாம் ஆடாமல் நிற்கவேண்டுமாம். நின்றேன். சுற்றி வளைத்துக்கொண்டன. ஒன்று என் பூட்ஸைக் கொத்திப் பார்த்தது. முதலில் வந்தது மட்டும் திரும்பிப் போய், எங்கிருந்தோ ஒரு கூழாங்கல்லை அலகில் கவ்விக்கொண்டு வந்து, என் காலடியில் வைத்துவிட்டு, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. மற்றவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். ஆண் பெங்குயின் பொண்ணு பார்க்கிற முறை அதுதானாம், இவர் பாறை ஓரத்திலிருந்தே கத்திச் சொன்னார். அறுபது வயது மனுஷன் முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு வேறு சொன்னார்.

நான் அதைப் பரிசோதித்தேன், அவ்வளவுதான். கண் தெளிவாக இருக்கிறதா, மூக்கில் ஒழுகுகிறதா, இறகு சிலிர்த்திருக்கிறதா என்று. ஒரு குறையும் இல்லை. கூண்டில்லாமல் வளர்ந்த உடம்பு. "சாப்பிட்டியா சாமி?" என்று கேட்டிருக்கிறேன், எனக்கு நினைவில்லை, இவர்தான் சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்தது, அது காத்து அப்படி. போட்டோவில் நான் பல் தெரியச் சிரிக்கிற மாதிரி இருக்கும். குளிரில் வாய் அப்படியே விறைத்துவிட்டது.

திரும்பும்போது படகோட்டுகிறவன் ஒரு பனிமலை ஓரத்தில் இன்ஜினை நிறுத்தினான். வீடு உயரம், நடுவில் நீலம். சத்தமே இல்லை. ஷெட்டு ஃபேன் சத்தம் இல்லை, லாரி ஹாரன் இல்லை, "அக்கா, முட்டை வண்டி வந்துருச்சு" என்று யாரும் கூப்பிடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கிளம்பலாம் என்று இவர் சொன்னபோது, இன்னும் கொஞ்சம் பயந்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தது.

கப்பலில் ஏறும்போது என் பூட்ஸை இங்கிரிட் பிரஷ்ஷால் தேய்த்து, சுத்தம் என்று கட்டைவிரலைக் காட்டினாள். அவளுக்குப் பண்ணையா இருக்கிறது, கட்டைவிரல் காட்டுவாள்.

ஊருக்கு வந்தோம். டாக்சி எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றது. இவர் இறங்கி உள்ளே காலை வைத்துவிட்டார். நான் இறங்கவில்லை.

"வா புள்ள. நல்லாத் தண்ணி வாத்துட்டு, துணியத் தொவச்சாப் போச்சு."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க."

"நானும் பெங்குயினைப் பாத்தவன்தானே?"

"நீங்க பாத்தீங்க. என்கிட்ட அதுவா வந்துச்சு. ரெண்டும் ஒண்ணுங்களா?"

"என்னமோ பெருமையாச் சொல்ற மாதிரி இருக்குது" என்றார். பெருமையா? டாக்சிக் கதவை இழுத்துச் சாத்தினேன். உள்ளே கோழியெல்லாம் கத்துகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கத்துத் தோட்டத்து அம்மாவை நினைத்துக்கொண்டேன். அதே டாக்சியைத் திருப்பச் சொல்லி, கரூரில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்று வாரம் முடிகிற சமயம், தங்கச்சி எதிர்வீட்டு மாடியில் புறா வளர்க்கிறார்கள் என்று தெரிந்தது. தெரிந்தபிறகு பார்க்காமல் எப்படி இருப்பது? பார்த்தேன். முதலிலிருந்து மறுபடியும் மூன்று வாரம். அது முடிகிறதுக்குள், நோய் நொடி இல்லாமல் இருக்கட்டும் என்று விராலிமலை முருகனைக் கும்பிடப் போனேன். அங்கே மயில் நடமாடும் என்று எனக்கென்ன தெரியும்? ஊருக்கே தெரியுமாம், எனக்குத் தெரியாது. மறுபடியும் மூன்று வாரம். அதைக் கழிக்க ராமேஸ்வரம் போனால், படகுக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாகக் கடல்பறவை. அங்கே லாட்ஜில் ஒரு அம்மா, கோடிக்கரையில் பூநாரை கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும், மாசிக்குள் போனால் பார்க்கலாம் என்றாள். காலெல்லாம் சிவப்பாம். எனக்குப் பறவை என்றாலே பயம். ஆனால் எதற்குப் பயப்படுகிறோம் என்று ஒரு தடவை பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லதுதானே. வேதாரண்யத்தில் இறங்கி அங்கேதான் போகிறேன்.

இன்றைக்குக் காலையில், பஸ் ஏறுவதற்கு முன்னால், இவர் போன் பண்ணினார்.

"எப்ப வர்ற?"

"இன்னும் சுத்தமாகலீங்க. கோடிக்கரை போறேன். பூநாரை."

"அதுவும் பறவைதானே, சாரதா?"

"ஆமாங்க. அதனாலதான் சொல்றேன். பாத்துட்டா அங்கிருந்து மூணு வாரம் இருக்குது."

பின்னால் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் மெதுவாக, "நானும் வரட்டுமா?" என்றார்.

மனசு கேட்கவில்லைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், இவரும் வந்து ஒட்டவைத்துக்கொண்டால் கோழிக்கு யார் தண்ணீர் காட்டுவது? "வேண்டாமுங்க, வீட்டுல ஒருத்தராச்சும் சுத்தமா இருக்கோணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுபடியும் அடித்தது. எடுத்தால் வா என்பார், எனக்கும் கால் அந்தப் பக்கம் திரும்பிவிடும், அப்புறம் அத்தனை கோழிக்கும் யார் பதில் சொல்வது? போனை அணைத்து, பையின் அடியில், சேலைகளுக்குக் கீழே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன். நோய் எது வழியாக வருமென்று யாருக்குத் தெரியும்?